வேலைநிறுத்த நாளில் இத்தாலி ரயில்: ‘உத்தரவாத’ சேவைக்கு என் மதிப்பெண்

இத்தாலி ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஃப்ரெச்சாரோஸா அதிவேக ரயிலின் வேகத்தையும் அதன் இருக்கை வசதியையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் மதிப்பெண் போடப்போவது வேறொரு சேவைக்கு. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நாளிலும் ஓடியே ஆகவேண்டும் என்று வைத்திருக்கும் ரயில்களுக்கு. யாரும் ஆசைப்பட்டு ஏறுகிற ரயில்கள் அல்ல அவை. ஆனால் அங்கே கொஞ்ச நாள் சேர்ந்தாற்போல் சுற்றுகிறவர்களுக்கு, ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை அவற்றின் தயவு தேவைப்படலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கழித்த ஒன்றுக்குக் காரணம் பின்னால் வருகிறது.

நான், என் கணவர், எழுபதைத் தாண்டிய மாமியார், கணவரின் தம்பி என்று நான்கு பேர் ஃபிளாரன்ஸில் தங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் பக்கத்து ஊரான லூக்கா போய்விட்டு இரவு திரும்புவதாகத் திட்டம். கொழுந்தனாருக்கு அன்றைக்கே ரோம் போய், இரவு விமானம் பிடிக்க வேண்டும். வியாழன் இரவு 9 மணி முதல் வெள்ளி இரவு 9 மணி வரை நாடு முழுக்க ரயில் வேலைநிறுத்தம். ஆக, உள்ளூர் ரயில், அதிவேக ரயில், விமான நிலைய ரயில் மூன்றையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்கும் யோகம் எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தது.

செய்தி எங்கள் தலையில் திடீரென்று வந்து விழவில்லை. இத்தாலியில் அப்படி விழவும் முடியாது. 1990ஆம் ஆண்டின் 146ஆம் எண் சட்டம் ரயில், பேருந்து, மருத்துவமனை போன்ற அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தம் செய்யும் விதத்தை வரையறுக்கிறது. குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடியும் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க ஓர் ஆணையமும் உண்டு. போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் வேலைநிறுத்தங்களுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது: தேதி, எந்தத் துறை, எந்தச் சங்கம், நாடு தழுவியதா ஒரு மாகாணத்துக்கு மட்டுமா, எத்தனை மணி நேரம். நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவள்; பொடி எழுத்தைக் கண்டால் விடமாட்டேன். டிக்கெட் வாங்கும்போதே அந்தப் பக்கத்தைக் குறித்துவைத்திருந்தேன். இத்தாலிய மொழியில்தான் இருக்கிறது, ஆனால் உலாவியின் மொழிபெயர்ப்பே போதும். இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தனியாக மதிப்பெண் கேட்டால் முழு மதிப்பெண்ணும் கொடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இருப்பதெல்லாம் நடந்துவிடும் என்று இல்லை. கடைசி நேரத்தில் சங்கம் திரும்பப் பெறலாம். அமைச்சர் தலையிட்டு நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். 2023 நவம்பர் 17 அன்று போக்குவரத்துத் துறையில் 8 மணி நேரம் என்று அறிவிக்கப்பட்டதை அமைச்சர் உத்தரவு போட்டு 4 மணி நேரமாக்கினார். அதனால் முதல் நாள் இரவு இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

இனி ரயில்களுக்கு வருகிறேன்.

உள்ளூர், மாகாண ரயில்களுக்கு விதி எளிது. வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9. வேலைக்குப் போகிறவர்கள் போய்த் திரும்பும் நேரம். இந்த இரண்டு இடைவெளியிலும் ரயில் உண்டு. நடுவில் இருக்கும் ஒன்பது மணி நேரம், வந்தால் வரவு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கும் அரசு விடுமுறைக்கும் இந்தச் சலுகை கிடையாது என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

அத்தையிடம் இதை விளக்கியபோது, “மாத்திரை மாதிரி காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?” என்று கேட்டார்கள். அதைவிடச் சுருக்கமாக எந்த வழிகாட்டி நூலும் சொல்லிவிட முடியாது.

ஆனால் மாத்திரையின் மேலட்டையையும் படிக்க வேண்டும். 6 முதல் 9 என்றால் அந்த நேரத்தில் கண்ணில் படும் ரயிலெல்லாம் ஓடும் என்று பொருளில்லை. மிலானைச் சுற்றி ரயில் விடும் ட்ரெநோர்ட் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது: கால அட்டவணைப்படி 6 மணிக்குப் பிறகு புறப்பட்டு, 9 மணிக்குள் கடைசி நிலையத்தைச் சேர்ந்துவிடும் ரயில்கள் மட்டும்தான் கணக்கு. நாம் இறங்குவது நடுவழியில் 8 மணிக்கு என்றாலும், அந்த ரயில் தன் கடைசி ஊரை 9:20க்குத் தொடுவதாக இருந்தால் அதற்கு உத்தரவாதம் இல்லை. அதே காரணத்தால், ஃபிளாரன்ஸிலிருந்து ரோமுக்கு மெதுவாகப் போகும் மாகாண ரயிலை மாலை 6 மணிக்குப் பிடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போடுவதும் சரிப்பட்டு வராது. அந்தப் பயணமே மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று மணி நேர இடைவெளிக்குள் அது எப்படி அடங்கும்?

லூக்கா அழகாக அடங்கியது. ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். காலை இடைவெளியில் போய், மாலை இடைவெளியில் திரும்பினால் இரண்டு பயணமும் பாதுகாப்பு வளையத்துக்குள். நடுவில் ஊர் சுற்ற முழுப் பகல். சாதாரண நாளாக இருந்தால் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, நாலு மணிக்கே கால்வலி என்று திரும்பியிருப்போம்.

காலை ஏழு மணி வாக்கில் நிலையத்தில் இருந்தோம். பலகையில் சிவப்பாக ‘காஞ்செல்லாத்தோ’ (ரத்து) என்று வரிசையாகச் சில ரயில்கள். அதைப் பார்த்ததும் என் கணவர் முகம் விழுந்துவிட்டது. “ரூமுக்கே போயிடலாமா?” என்றார். நான் முதல் நாளே எழுதிவைத்த ரயில் எண் பலகையில் நடைமேடையோடு வந்து நின்றது. இங்கே ஒரு யோசனை: நேரத்தை வைத்துத் தேடாதீர்கள், ரயில் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஊர்ப் பெயரும் குழப்பும். பலகையில் கடைசி நிலையத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும், லூக்கா போகிற வண்டிக்கு வியரெஜ்ஜோ என்று போட்டிருக்கலாம். வியாஜ்ஜாத்ரேனோ என்று ஒரு தளம் இருக்கிறது. அதில் எண்ணைப் போட்டால் வண்டி கிளம்பிவிட்டதா, எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று காட்டும். பார்ப்பதற்குப் பழைய காலத்துத் தளம் போல இருக்கும், வேலை செய்கிறது.

லூக்கா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கோட்டை மதில். நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான சுற்றளவு, மதிலின் மேலேயே மர நிழலில் அகலமான நடைபாதை. அன்றைக்குப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. ஊருக்குள் எல்லாம் நடை தூரம்தான். வேலைநிறுத்த நாளுக்கு ஊர் தேர்ந்தெடுப்பதென்றால் இதுதான் என் அளவுகோல்: நிலையத்தில் இறங்கிய பிறகு இன்னொரு வாகனம் தேவைப்படக் கூடாது. குயினீஜி கோபுர உச்சியில் மரங்கள் வளர்ந்திருக்கின்றன என்றதும் கணவர் ஏறிப்போனார். நானும் அத்தையும் கீழேயே உட்கார்ந்துவிட்டோம். “ரயில் ஓட்டுறவங்களுக்கு என்னம்மா குறையாம்?” என்று கேட்டார்கள். சம்பளம், வேலை நேரம், பாதுகாப்பு என்று அறிவிப்பில் படித்ததைச் சொன்னேன். “நியாயந்தானே. ஆனா பாரு, நம்மளை நடுத்தெருவுல விடல” என்றார்கள். எனக்கு எரிச்சல் கொஞ்சம் இருந்தது, அத்தைக்கு இல்லை.

மாலை ஆறு மணிக்குப் பிறகு புறப்படும் முதல் வண்டிக்கு நடைமேடை நிறையக் கூட்டம். பகல் முழுக்க ஊரில் தங்கிப்போனவர்கள் எல்லோரும் அதற்குத்தானே வருவார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்து அரைமணி முன்னாலேயே போய்விடுங்கள். ஓர் இளைஞர் எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தார். கணவர் பிஸ்தோயா தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தார், கோபுரம் ஏறிய பெருமையைச் சொல்லிக்கொண்டே.

கொழுந்தனார் கதை கொஞ்சம் சிக்கலானது.

தொலைதூர ரயில்களுக்கு 6-9 கணக்கெல்லாம் கிடையாது. அவற்றுக்கு ரயில் எண் வாரியாகத் தனிப் பட்டியல். அரசு ரயில் நிறுவனமான ட்ரெனிடாலியாவும் தனியார் நிறுவனமான இத்தாலோவும் அவரவர் தளத்தில் தனித்தனியாக வெளியிடுகிறார்கள். பட்டியலில் எண் இருந்தால் வண்டி உண்டு. இல்லையென்றால் ஓடலாம், ஓடாமலும் போகலாம். ஓட்டுநரும் நடத்துநரும் வேலைக்கு வந்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. அவர் வாங்கியிருந்த நண்பகல் வண்டி பட்டியலில் இல்லை.

“அண்ணி, எதுக்கும் போய் நின்னு பார்க்கட்டுமா? ஓடினாலும் ஓடும்ல?” என்றார். விமானம் இல்லையென்றால் சரி என்றிருப்பேன். விமானம் இருக்கும்போது ‘ஓடினாலும் ஓடும்’ என்பதை நம்பிக் கிளம்பக் கூடாது. பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, பட்டியலில் இருந்த காலை வண்டியில் புதிதாக ஓர் இருக்கை வாங்கச் சொன்னேன். விலை முதலில் வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைசி நேரத்தில் வாங்கினால் எந்த நாளிலும் அப்படித்தான். அதிலும் வேலைநிறுத்தத்துக்கு முன்தினம் வாங்கப் போனால், ஓடப்போகிற வண்டிகள் குறைவு, இருக்கையும் குறைவு. அறிவிப்பு வந்த அன்றே பட்டியலைப் பார்த்து மாற்றிக்கொண்டால் இந்தச் செலவு குறையும்.

பணம் திரும்பப் பெறும் விதி நியாயமாகவே இருக்கிறது. ட்ரெனிடாலியாவில் ஃப்ரெச்சா, இன்டர்சிட்டி என்ற தொலைதூர வண்டிகளுக்கு, வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டதிலிருந்து வண்டி புறப்படும் நேரம்வரை முழுப் பணத்தையும் கேட்கலாம். மாகாண ரயில் என்றால் வேலைநிறுத்தத்துக்கு முந்தைய நாள் நள்ளிரவுக்குள் கேட்டுவிட வேண்டும். இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. காலையில் நிலையத்தில் வந்து நின்று, வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

என் ஒரு மதிப்பெண் இங்கேதான் போனது. கொழுந்தனார் டிக்கெட்டை ரயில் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கவில்லை. இடையில் நின்று டிக்கெட் விற்கும் ஒரு தளத்தில் வாங்கியிருந்தார். பெயர் வேண்டாம், விளம்பரம் நன்றாகச் செய்கிறார்கள். அந்தத் தளத்தில் வேலைநிறுத்தம் பற்றி ஒரு வரி இல்லை. எந்த வண்டி உத்தரவாதம், எது இல்லை என்று குறியும் இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி விற்றுக்கொண்டிருந்தார்கள். ரத்து செய்யப் போனால், ‘இந்தக் கட்டணப் பிரிவுக்குப் பணம் திரும்பக் கிடையாது’ என்று ஒரு பதில். வேலைநிறுத்த விதியை எடுத்துக்காட்டி மறுபடி எழுதிய பிறகுதான் பணம் வந்தது, அதுவும் அவர்களுடைய சேவைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு. சட்டம் போட்டு, ஆணையம் வைத்து, எண் வாரியாகப் பட்டியலும் போட்ட பிறகு, அந்தப் பட்டியல் டிக்கெட் வாங்குகிறவன் கண்ணில் படாமல் போவது எந்த ஊர் நியாயம்? நாடு சுற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தளங்களில்தானே வாங்குகிறார்கள்.

இதில் ஐரோப்பிய ஒன்றிய விதி ஒன்று நமக்குப் பக்கபலம். 2021/782 எண் கொண்ட ரயில் பயணியர் உரிமை விதி, 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டி 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் அல்லது ஓடாது என்று தெரிந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது வேறு வழியில் சேரவேண்டிய ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 60 முதல் 119 நிமிடம் வரை கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் 50 சதவீதம் இழப்பீடு. புயல், வெள்ளம் மாதிரியான காரணங்களைச் சொல்லி நிறுவனம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தன் சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைச் சொல்லித் தப்ப முடியாது என்று அந்த விதியே சொல்கிறது. இரண்டு கட்டுப்பாடுகள்: முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டால் அதற்கு மேல் இழப்பீடு கிடையாது, தாமதம் பற்றி முன்பே சொல்லி விற்ற டிக்கெட்டுக்கும் கிடையாது.

கொழுந்தனாரின் காலை வண்டி ஃபிளாரன்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ரோம் தெர்மினி சேர்ந்துவிட்டது. அங்கிருந்து ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ். 32 நிமிடப் பயணம், 14 யூரோ. வேலைநிறுத்த நாளிலும் இந்த இணைப்பைத் துண்டிப்பதில்லை. ரயில் ஓடாவிட்டால் அதே வழியில் பேருந்து விடுகிறார்கள். மிலானில் மல்பென்சா விமான நிலையத்துக்கும் கதோர்னா நிலையத்திலிருந்து மாற்றுப் பேருந்து உண்டு. அவருக்கு ரயிலே கிடைத்தது. விமானத்துக்கு இன்னும் அரைநாள் இருந்தது. “அண்ணி, இங்க நாற்காலியெல்லாம் எண்ணி முடிச்சுட்டேன்” என்று அங்கிருந்து செய்தி அனுப்பினார். அனுப்பட்டும்.

நகரப் பேருந்து, மெட்ரோ பற்றி ஒரு சொல். அவற்றின் உத்தரவாத நேரம் ரயிலின் நேரத்தோடு ஒத்துப்போகாது. ரோமில் காலையில் சேவை தொடங்கியதிலிருந்து 8:30 வரை, பிறகு மாலை 5 முதல் 8 வரை. மிலானில் காலை 8:45 வரை, பிறகு பிற்பகல் 3 முதல் 6 வரை. ரயில்காரர்கள் மட்டும் வேலைநிறுத்தம் செய்யும் நாளில் இது தேவைப்படாது. பொது வேலைநிறுத்தம் என்றால் இரண்டும் சேர்ந்து வரும். மாலை எட்டரைக்கு ரோமில் உத்தரவாத ரயிலில் வந்து இறங்கி, மெட்ரோவின் கதவு மூடியிருப்பதைப் பார்ப்பது நடக்கக்கூடியது. அன்றைக்குத் தங்குமிடத்தை நிலையத்தருகே எடுத்துவிடுங்கள்.

முதல் நாள் இரவே கிளம்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு பொடி எழுத்து. வேலைநிறுத்தம் தொடங்கும் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கடைசி நிலையத்தை அடைய முடியுமானால் போய்ச் சேரும். முடியாதென்றால் வழியில் ஏதாவது நிலையத்தில் நின்றுவிடலாம். 9 மணிக்குத் தொடங்குகிறது என்றால் 10 மணிக்குள் சேரும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். அதுபோலவே, வெள்ளி இரவு 9 மணிக்கு முடிகிறது என்றால் 9:05க்கு எல்லா வண்டியும் கிளம்பிவிடாது. பெட்டியும் ஆளும் அவரவர் இடத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும்.

பிரான்ஸிலும் நாங்கள் ரயிலில் சுற்றியிருக்கிறோம், அதனால் ஒப்பிட ஆசை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வேலைநிறுத்தத்தில் சேரும் ஊழியர் 48 மணி நேரம் முன்னதாகத் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரிந்த பிறகு, நிறுவனம் முதல் நாள் மாலை அன்றைக்கான புது அட்டவணையை வெளியிடுகிறது. துல்லியம் அதிகம், ஆனால் முதல் நாள் மாலைவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். இத்தாலி முறையில் எந்த நேரம் பாதுகாப்பானது என்று பத்து நாள் முன்பே தெரிகிறது. திட்டம் போட்டுப் பயணம் செய்யும் என் போன்றவளுக்கு இதுதான் பிடிக்கிறது. எழுந்த பிறகு எங்கே போகலாம் என்று யோசிக்கிற என் கணவருக்கு பிரெஞ்சு முறை.

ரயிலே வேண்டாம் என்றால் ஃபிளிக்ஸ்பஸ், இத்தாபஸ் போன்ற தொலைதூரப் பேருந்துகள் இருக்கின்றன. ஃபிளாரன்ஸில் சில பேருந்துகள் நகரத்துக்குள் வராமல் வில்லா கொஸ்தான்சா என்ற நெடுஞ்சாலை நிறுத்தத்தில்தான் நிற்கும். ரயில் நிலையத்தருகிலிருந்து டி1 டிராமில் போகலாம். வேலைநிறுத்தச் செய்தி பரவியதும் இவற்றிலும் இடம் வேகமாகத் தீரும் என்பதால், இதையும் முதல் வாரத்திலேயே பார்த்துவைக்க வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்கி, பக்கத்து ஊர்களுக்குப் போய்வரும் குடும்பங்களுக்குத் தயக்கமில்லாமல். தினம் ஓர் ஊர் மாறுகிறவர்கள், பெட்டி படுக்கையோடு இரண்டு மூன்று வண்டி மாறிப் போகிறவர்கள் அந்த ஒரு நாளை நகராத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு விமானம் இருப்பவர்கள் பட்டியல் எண் உள்ள வண்டியை மட்டும் நம்புங்கள், அதிலும் முடிந்தவரை காலை வண்டியை. விமான ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை இத்தாலியில் விமானத் துறை வேலைநிறுத்தத்துக்குத் தடை உண்டு. மற்ற மாதங்களில் அமைச்சகத்தின் அதே பட்டியலில் விமானத் துறை வரிசையையும் சேர்த்துப் பாருங்கள்.